கால் தமனி பைபாஸ் அறுவையின் நீண்டகாலப் பயன்: அளவுகோல்களின் வரலாறு

முன்னுரை

காலுக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி அடைபட்டால் முதலில் நடக்கும்போது வலி தோன்றும். நோய் முற்றினால் புண் ஆறாது, விரல்கள் அழுகும். அடைப்பைச் சுற்றிக் குருதிக்குப் புதுவழி அமைக்கும் பைபாஸ் அறுவை, கால் அகற்றப்படுவதைத் தடுக்கும் வழியாக வளர்ந்தது. அதன் பயன் எவ்வாறு அளக்கப்பட்டு வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிரையும் செயற்கைக் குழாயும்

1946இல் லிஸ்பனில் ஜோவாவ் சிட் டோஸ் சாண்டோஸ் தமனியின் உட்படிவை அகற்றும் முறையைக் கையாண்டார். 1948 ஜூனில் பாரிசில் ழான் குன்லின், நோயாளியின் காற்சிரையையே எடுத்து அடைப்புக்கு மேலும் கீழும் தமனியின் பக்கவாட்டில் இணைத்தார். சிரையின் வால்வுகள் குருதியை ஒரு திசையில் மட்டுமே விடும். ஆதலால் சிரை தலைகீழாகப் பொருத்தப்பட்டது.

பின்னர் செயற்கைக் குழாய்களும் புழக்கத்திற்கு வந்தன. ஃபிராங்க் வீத் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஒப்பீட்டாய்வில், முழங்காலுக்குக் கீழுள்ள சிறு தமனிகளுக்கு அமைத்த மாற்றுவழிகளுள் நான்காம் ஆண்டில் அடைபடாதிருந்தவை சிரையில் 49 விழுக்காடு, பி.டி.எஃப்.இ. குழாயில் 12 விழுக்காடு. அன்று முதன்மை அளவுகோல் மாற்றுவழி திறந்திருத்தலே.

அளவுகோலின் மாற்றம்

இந்நோயாளிகளின் இதயத் தமனிகளும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கும். மாற்றுவழி திறந்திருக்கவே மாரடைப்பால் இறப்போர் உண்டு. எனவே 2005இல் வெளிவந்த பிரித்தானிய பேசில் ஆய்வு, காலை இழக்காமல் உயிர்வாழ்தலை முதன்மை அளவுகோலாகக் கொண்டது.

2022இல் வெளிவந்த பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில், தகுந்த சிரை உடையோருள் இறப்பு, கால் அகற்றம், பெரிய மறுசிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றையேனும் எதிர்கொண்டவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6 விழுக்காடு, பலூன், ஸ்டென்ட் பிரிவில் 57.4 விழுக்காடு. முழங்காலுக்குக் கீழான நோயை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டின் பேசில்-2 ஆய்வோ மாறான விடை தந்தது: காலையோ உயிரையோ இழந்தோர் பைபாஸ் பிரிவில் 63 விழுக்காடு, மற்றதில் 53 விழுக்காடு. முன்னது மறுசிகிச்சையையும் கணக்கிட்டது, பின்னது கணக்கிடவில்லை. பின்னதன் வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமானது இறப்பு.

முடிவுரை

மாற்றுவழியின் ஆயுள், காலின் ஆயுள், மனிதரின் ஆயுள் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. நல்ல சிரை முதலிரண்டுக்கும் துணைநிற்கிறது. மூன்றாவதைத் தீர்மானிப்பது உடல் முழுதும் பரவிய தமனி நோயே. ஆகவே, 'அறுவை வெற்றி' என்னும் கூற்று எந்த ஆயுளைக் குறிக்கிறது என்பதை அறிந்த பின்னரே நோயாளி அறுவைக்கு உடன்படுதல் முறையாகும்.