நாவுல வழியும் கேள்விக் கல்வியும்

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். ஏடு பயிலாதவனும் செவிவழியாக அறிவு பெறலாம் என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும். ஆயினும் கல்வி வரலாறு எழுதியோர் பெரும்பாலும் பள்ளிகளையும் சட்டங்களையும் தேர்வுகளையுமே எண்ணிக் கணக்கிட்டனர். வழியிலும் வயலிலும் தொழிற்களத்திலும் மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்ற அறிவு அக்கணக்கிற் சேரவில்லை. இக்குறை எத்துணைப் பெரிது என்பதை மாத்தளை மாவட்டத்து நாவுல வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையின் வரலாறு காட்டும்.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் அச்சாலையில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே உள்ளது நாவுல. அப்பகுதியிலுள்ள நாலந்தாவில் கெடிகே என வழங்கும் கற்கோயில் ஒன்று உண்டு. கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது என அறிஞர் கருதும் இக்கோயில், பௌத்த வழிபாட்டுக்குரியதாயினும் பல்லவர் காலத் திராவிடக் கட்டட முறையைத் தழுவியது. அதைச் செதுக்கிய சிற்பியர் யாவர் என்பது தெரியவில்லை. ஆனால் உளி பிடிக்கும் கலை தந்தையிடமிருந்து மைந்தனுக்கும் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கும் தொழிற்களத்திலேயே கைமாறி வந்த கலை என்பது யாவரும் அறிந்ததே. கடலும் மொழியும் சமயமும் அக்கலையைத் தடுத்து நிறுத்தவில்லை என்பதற்கு அக்கோயிலே சான்று.

கெடிகேயை அடுத்த இதே வழியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு கூட்டம் நடந்தது. 1830களிலிருந்து கண்டி மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ 150 மைல் தூரமுள்ள அவ்வழியின் பெரும்பகுதி வறண்ட காடு. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவதே தொடக்கத்தில் வழக்கமாயிருந்தது. ஆதலால் முன்னர் ஒருமுறை நடந்தவரின் அறிவே பின்னர் நடப்பவருக்கு உயிர்க்காப்பாயிற்று. எங்கே நீர் கிடைக்கும், எங்கே இராத் தங்கலாம், எக்குளத்து நீரைக் குடிக்கலாகாது என்பவற்றைக் கூறும் நூல் எதுவும் அவர்கள் கையில் இல்லை. கங்காணியின் வாய்ச்சொல்லும் உடன் நடந்த முதியோரின் அனுபவமுமே அவர்களுக்குப் பாடமாயின.

தோட்டத்தை அடைந்தபின் தொழிலே பள்ளியாயிற்று. 1869இல் கோப்பி இலைகளிற் கண்ட துரு நோய் சில ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. பின்னர்த் தேயிலை, கொக்கோ, இறப்பர் ஆகியவை மாத்தளைப் பகுதியில் இடம்பெற்றன. ஒரே தலைமுறைக்குள் தொழில் முற்றிலும் மாறியது. கோப்பிப் பழம் பறித்த கை கொழுந்து கிள்ளவும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும், இறப்பர் மரத்திற் பால் வெட்டவும் பழகியது. பட்டையை மிக ஆழமாக வெட்டினால் மரம் கெடும். மேலோட்டமாக வெட்டினாற் பால் குறையும். இந்நுட்பத்தைத் தொழிலாளி கற்றது வகுப்பறையில் அன்று. அருகில் நின்றவரின் கையைப் பார்த்தேயாகும். ஜீன் லேவ் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1970களில் லைபீரியா நாட்டுத் தையற்காரரிடையே ஆய்ந்து, தொழில் செய்வோர் நடுவே சிறு பணிகளைச் செய்தபடி இருத்தலே ஒருவகைக் கல்வி முறை என விளக்கினார். மலைநாட்டுத் தோட்டங்களில் அம்முறை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நடைபெற்றுக்கொண்டிருந்தது.

மொழிக் கல்வியிலும் இதனையே காணலாம். தோட்டத் தமிழர் சந்தையிலும் கடைத்தெருவிலும் அயற்கிராமத்தாருடன் பழகிச் சிங்களம் கற்றனர். அவ்வாறே சிங்கள மக்களுள் பலர் தமிழ் கற்றனர். இவர்கள் பொருட்டு எவரும் பாடநூல் எழுதவில்லை. ஆனால் வேலை வாங்க வந்த ஆங்கிலேயத் துரைமார் தமிழ் கற்பதற்கெனக் கைநூல்கள் அச்சாயின. 1878இல் வெளிவந்த ‘இங்கே வா’ என்னும் சிறு நூல் அவற்றுள் ஒன்று. கட்டளைச் சொல்லே அதற்குத் தலைப்பாக அமைந்தமை கருதத்தக்கது. இரு சாராரும் தேவை பற்றியே கற்றனர். ஒரு சாராரின் கல்வியே அச்சேறிற்று.

மாலை வேளையில் லயத்தின் முற்றம் மற்றொரு கல்விக்கூடமாயிற்று. தாலாட்டும் ஒப்பாரியும் தொழிற்பாட்டும் பெண்கள் வழியாக வளர்ந்தன. மாசி மாதத்திற் காமன் பொட்டலில் நடைபெறும் காமன் கூத்தில், எழுத்தறியாத இளைஞரும் மன்மதனாகவும் இரதியாகவும் வேடமிட்டு நீண்ட பாடல்களை நினைவிலிருந்து பாடினர். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அவ்வாறே பயிலப்பட்டன. இப்பாடல்களின் பெருமையை உணர்ந்து தொகுத்தவர்களுள் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். பிற்காலத்தில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் உரிமைகளைப் பாட்டாகவே மக்களிடம் கொண்டு சென்றார். செவிவழிக் கல்வியின் வலிமையை அவர் நன்கு அறிந்திருந்தார்.

முறையான பள்ளி மிகத் தாமதித்தே வந்தது. தொடக்கத்தில் எழுத்தறிந்த கங்காணியோ வேறொருவரோ லயத்து அறையிலும் மரநிழலிலும் சில பிள்ளைகளைக் கூட்டி எழுத்துக் கற்பித்ததே பெரும்பாலும் பள்ளி எனப்பட்டது. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது; 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வற்புறுத்தியது. எனினும் தேயிலைக்குப் பிள்ளைகளின் கையும் தேவைப்பட்டமையால், சட்டம் ஏட்டளவில் நின்ற இடங்கள் பல. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப்பயன் தோட்டங்களை எட்டவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசு முழுமையாக ஏற்கும் பணி 1970களிலேயே விரைவு பெற்றது.

இதுகாறும் கூறியவற்றால் கேள்விக் கல்வியே போதுமானது என்று கொள்ளுதல் பிழை. அக்கல்வி உயிரைக் காத்தது, தொழிலைத் தந்தது, கலையை வளர்த்தது. ஆனால் எழுத்தின் முன் அது கைகட்டி நின்றது. தொழிலாளரின் கடன் தொகையைக் குறித்து, அதனைச் செலுத்துவோர் அவர்களைத் தம் தோட்டத்துக்குக் கொள்ளலாம் என எழுதிக் கொடுக்கப்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டு, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அவர்களின் வாழ்வை ஆண்டது. அச்சீட்டிற் கண்ட எண்ணைப் படிக்க அறியாதவர், தம் விலையையே அறியாதவராயினர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்நிலையின் கொடுமையை முழுமையாகக் காட்டிற்று. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவுமாறு அச்சட்டம் வேண்டிற்று. பாட்டன் நாவுல வழியே நடந்து வந்த கதையைப் பேரன் அறிவான். ஆனால் அக்கதைக்கு முத்திரை இல்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. இதற்கு அரசியலே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வரசியல் தனக்குக் கருவியாகக் கொண்டது, காகிதமில்லாத மக்களின் காகிதமின்மையையே. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரின் நாடற்ற நிலை பெரிதும் நீங்கிற்று.

பள்ளிக்கு வெளியே பெற்ற திறனை ஆய்ந்து சான்றிதழ் வழங்கும் முறை இன்று இலங்கையின் தேசியத் தொழிற்றகைமைத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் தொழிற்றிறனுக்கு மட்டும் சான்றளித்தல் போதாது. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, நாலந்தாக் கெடிகேயை ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து மேட்டுநிலத்தில் மீண்டும் அமைத்தனர். கல்லாலாகிய அறிவுக்குக் காட்டிய அக்கருத்து, சொல்லாலாகிய அறிவுக்கும் உரியது. முதியோர் ஒவ்வொருவராக மறையுந்தோறும் வழிக்கதையும் தொழில் நுட்பமும் கூத்துப்பாட்டும் உடன் மறைகின்றன. அவற்றைக் கேட்டு எழுதி வைத்தல் பள்ளியிற் பயின்றவர்களால் இயலும். எழுதக் கற்ற மாணாக்கர் எழுதாது போனவர்களுக்குச் செய்யவேண்டிய கடன் அதுவே.