கீதாஞ்சலியும் கரும்புத் தோட்டமும்

நம் சங்கத்தின் உதவித்தொகை பெற்று இலக்கியம் பயின்ற இளைஞர் இருவர் சென்ற ஆண்டு நம்மிடம் வந்தனர். அயல்நாடு சென்று சில காலம் ஊதியமின்றித் தொண்டாற்ற விரும்புவதாகக் கூறினர். உலக இலக்கியம் கற்றவர் உலகத்தாரோடு வாழ்ந்து பார்க்க வேண்டாமா என்பது அவர்தம் வாதம். உடனிருந்த பூரணாங்குப்பத்துப் பெரியவர் ஒருவர், "நம்மவர் கப்பலேறியது போதாதா, தம்பி?" என்றார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பெரியவர் கூற்றில் பொருள் உண்டு. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. அடிமைகள் விட்டுச் சென்ற கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர் ஒப்பந்தக் கூலிகளாய் அனுப்பப்பட்டனர். ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் எனப் பல தீவுகள். ஆங்கிலேயர் ஆண்ட பிஜித் தீவிற்கு 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் சென்றனர். அவருள் ஒடுக்கப்பட்ட குலத்தார் பலர். புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பாடியதை நம் மாணவர் அறிவர்.

அதே தீவிற்கு, இலக்கியம் கற்பித்த ஒருவரும் தம் விருப்பத்தால் கப்பலேறினார். அவர் சி.எப். ஆண்ட்ரூஸ். கேம்பிரிட்ஜில் பயின்றவர், 1904-இல் தில்லி வந்து கல்லூரி ஆசிரியரானவர். 1912 ஜூன் 30 அன்று இலண்டனில் ஓவியர் ரோதென்ஸ்டைன் இல்லத்தில், தாகூரின் கீதாஞ்சலிப் பாடல்களைக் கவிஞர் ஏட்ஸ் படிக்கக் கேட்டு உள்ளம் உருகினார். தாகூரோ 1907-இலேயே 'விசுவ சாகித்தியம்' என்ற தலைப்பில் உரையாற்றி, இலக்கியத்தை நாடு நாடாக வேலியிட்டுப் பார்க்கலாகாது என்று வற்புறுத்தியவர்.

ஆண்ட்ரூஸ் சாந்திநிகேதனத்தில் பாடம் சொல்லிக்கொண்டு அமைதியாய் இருந்திருக்கலாம். இருந்தாரில்லை. கோகலேயின் வேண்டுகோளை ஏற்று, நண்பர் பியர்சனுடன் 1914 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா சென்றார். டர்பன் துறைமுகத்தில் காந்தியடிகளின் பாதம் தொட்டு வணங்கினார். ஒரு வெள்ளையர் இந்தியரை வணங்குவதா என்று அங்குள்ள வெள்ளையர் கொதித்தனர். 1915 இறுதியில் இருவரும் பிஜி சென்று, கூலி வரிசைக் குடியிருப்புகளைப் பார்த்து, 1916-இல் அறிக்கை வெளியிட்டனர். 1917-இல் ஆள் சேர்ப்பு நின்றது. 1920 ஜனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீங்கின.

இவ்வளவோடு நிறுத்தி அவரைப் போற்றுவது எளிது. ஆனால் அவ்வறிக்கைக்கு முன்னரே ஒரு குரல் எழுந்தது. 1913 ஏப்ரலில் பிஜித் தோட்டமொன்றில் குந்தி என்னும் பெண்ணை மேற்பார்வையாளன் தனியிடத்தில் வேலைக்கு ஏவி, மானபங்கம் செய்ய முயன்றான். அவர் திமிறி ஓடி ஆற்றில் குதித்தார்; சிறு படகிலிருந்த சிறுவன் ஒருவன் காப்பாற்றினான். கோரக்பூர்ப் பகுதியிலிருந்து சென்ற குந்தி, சமார் குலத்தவர். நம்மைப் போல் தீண்டாமைக்கு ஆளான மக்கள். அவர் வரலாறு கல்கத்தாவின் 'பாரத மித்திர' இதழில் வெளிவந்து நாட்டை உலுக்கிற்று. பிஜியில் 21 ஆண்டு வாழ்ந்து திரும்பிய தோத்தாராம் சனாத்யரின் 1914-ஆம் ஆண்டு இந்தி நூலிலும் அது இடம்பெற்றது.

ஆண்ட்ரூஸ் அறிக்கை தோட்டப் பெண்களை ஒழுக்கம் சிதைந்தவர்களாகவே பெரிதும் காண்கிறது. இரக்கத்தோடுதான் எழுதினார், எனினும் அதை நாம் ஒப்ப இயலாது. ஆற்றில் குதித்த பெண்ணையா துடுப்பற்றவள் என்பது? தொண்டு செய்யச் செல்வோர் எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும் என்று அவ்விளைஞரிடம் நாம் கூறியது இதனை எண்ணியே.

போக வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒப்பந்தக் கூலியாய்ப் பிஜி சென்ற சாது குப்புசாமி 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் தாயகத்திலிருந்து தொண்டர்களை வேண்டிற்று; 1937-இல் இராமகிருஷ்ண இயக்கத்தின் அவினாசானந்தர் கடல் கடந்து சென்றார். கேட்டவர் அழைக்கச் சென்ற தொண்டு அது.

இளைஞருள் ஒருவர் புறப்படும் ஏற்பாட்டில் இருக்கிறார். நம் சங்க நூலகத்தில் கீதாஞ்சலி இரண்டு படிகள் உள்ளன. தோத்தாராம் நூலையும் பிஜி அறிக்கையையும் வாங்கி அதனருகே வைக்குமாறு செயலாளரை இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.