பெருங்குழு என்ற பட்டம் யாருக்கு?



சூலியா தெருவில் ஏதாவதொரு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்து, "மலேசியக் காற்பந்தில் பாரம்பரியப் பெருங்குழு எது?" என்று கேட்டுப் பாருங்கள். தே தாரிக் ஆறிப்போகும், வாக்குவாதம் ஆறாது! பினாங்கைச் சேர்ப்பதா, விடுவதா என்பதில்தான் சண்டையே. அந்த வழக்கைத்தான் இந்த மன்றத்தில் எடுத்து வைக்கிறேன்.

கதை 1921இல் தொடங்குகிறது. எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கு வந்தது. நம் நாட்டுக் குழுக்களோடு விளையாடி மகிழ்ந்த கப்பலினர், நினைவாக வழங்கியதே மலாயாக் கிண்ணம். இன்றைய மலேசியக் கிண்ணம். முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. அதிலிருந்து 1941 வரை சிங்கப்பூர், சிலாங்கூர், பேராக் ஆகிய மூன்றைத் தவிர வேறு எவர் கைக்கும் கிண்ணம் போகவில்லை. சிங்கப்பூர் 1994 வரை 24 முறையும், சிலாங்கூர் 2015 வரை 33 முறையும் வாகை சூடின. "பிறகென்ன பேச்சு?" என்கிறது எதிரணி.

பினாங்கு வென்றது 1953, 1954, 1958, 1974 என நான்கே முறை. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் என் வழக்கு தோற்றது!

ஆனால், 1954, 1958 இறுதியாட்டங்களில் பினாங்கு வீழ்த்தியது யாரை? சிங்கப்பூரை! 1977இல் 12 ஆண்டுக்குப் பிறகு கிண்ணத்தை மீட்கச் சிங்கப்பூர் யாரோடு கூடுதல் நேரம் வரை போராடியது? பினாங்கோடு! அதன் பிறகும் 1982, 1998, 2001இல் லீக் வெற்றி, 2002இல் எஃப்.ஏ. கிண்ணம். பாட்டன், தந்தை, பிள்ளை என்று மூன்று தலைமுறையும் ஒரு வெற்றியையாவது கண்ணால் கண்டிருக்கிறது. பாரம்பரியம் என்பது இதுதானே?

1974இல் பள்ளி மாணவராக இருந்த என் அப்பா, அந்த வெற்றியை இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். அதே அப்பா, சிலாங்கூரின் கோல் காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் பெயரைக் கேட்டாலும் உருகிவிடுவார். எதிரணிக்காரராயிற்றே என்றால், "நம்ம பையன்பா!" என்பார்.

2014 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் லீக்கை வென்ற ஜொகூர் டாருல் தாக்சிம் பலசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் பலம் வேறு, பாரம்பரியம் வேறு. அவர்களின் வெற்றியைப் பேரப்பிள்ளைகள் பேசட்டும், பிறகு பார்ப்போம்.

என் தீர்ப்பு இது: சிலாங்கூரும் சிங்கப்பூரும் முதல் வரிசை. பேராக்கும் பினாங்கும் அடுத்த வரிசை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு, நேயர்களே. பாரம்பரியம் நிலப் பட்டா அல்ல, பெட்டியில் வைத்துப் பூட்ட. இன்று நம் தெருப் பிள்ளைகள் ஐரோப்பியக் குழுக்களின் சட்டையை அணிந்து திரிகிறார்கள். 1974ஐப் பற்றி அவர்களிடம் யார் சொல்வது? நாம் சொல்லாவிட்டால், எதிரணி வாதிடாமலே வென்றுவிடும்!