எந்திரம் எழுதிய 'அன்புள்ள ஐயா'

1864ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இலண்டன் பிரமுகர்கள் சிலரின் வீட்டு வாசலில் தந்திச் சேவகன் வந்து நின்றான். அக்காலத்தில் தந்தி வருவதென்றால் பெரும்பாலும் மரணச் செய்தி, அல்லது அதற்கு நிகரான அவசரம். பதைபதைப்புடன் உறையைப் பிரித்தவர்கள் அதில் கண்டதோ, ஹார்லி வீதி 27ஆம் இலக்கத்திலுள்ள கேப்ரியல் பல்வைத்திய நிலையம் ஒக்டோபர் மாதம் வரை காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும் என்ற அறிவித்தலை மட்டுமே. பெற்றவர்களுள் பாராளுமன்ற உறுப்பினர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவர், தனக்கும் அந்தப் பல்வைத்தியர்களுக்கும் எக்காலத்திலும் எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை என்று சினந்து 'த டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகை அதைப் பிரசுரித்தது. ஆகவே பல்வைத்தியர்களின் அறிவித்தல், பணம் எதுவும் செலுத்தாமலே, நாடு முழுவதும் இரண்டாம் முறையும் போய்ச் சேர்ந்தது.

கேளாமல் வந்த விற்பனைச் செய்தியின் வரலாற்றை இந்தத் தந்தியிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நான் இங்கே எழுத விரும்புவது அதற்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி. இன்று ஒருவர் முகநூலில் வீட்டு விளம்பரமொன்றைக் கண்டு தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் நிரப்பி அனுப்புகிறார். ஒரு நிமிடம் செல்லுமுன் அவரது வட்ஸ்அப்பில், பெயர் சொல்லி அழைத்து, நலம் விசாரித்து, எந்தப் பகுதியில் வீடு தேடுகிறீர்கள் என்று கேட்டு ஒரு செய்தி வருகிறது. எழுதியது மனிதர் என்றே அவர் நினைக்கிறார். எழுதியது மனிதரல்லர். இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், வாட்ஸ்அப்புக்கும் கணினிக்கும் வெகு முன்னரே போய் நிற்கவேண்டியிருக்கிறது.

தட்டச்சுப் பொறி பரவிய பின்னர் வணிகர்களுக்கு ஒரு சிக்கல் தோன்றியது. அச்சிட்ட சுற்றுக்கடிதத்தை எவரும் வாசிப்பதில்லை. தனித்தனியே தட்டச்சுச் செய்த கடிதத்தை வாசிக்கிறார்கள். ஆனால் ஆயிரம் பேருக்குத் தனித்தனியே தட்டச்சுச் செய்ய எத்தனை பேரை அமர்த்துவது? இதற்கு விடையாக வந்தவையே தானியங்கித் தட்டச்சுப் பொறிகள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹமில்டன் நகரில் செய்யப்பட்ட ஹூவன் பொறி இவற்றுள் முன்னோடிகளில் ஒன்று. பின்னர் சிக்காகோவில் 'ஓட்டோ டைப்பிஸ்ட்' என்ற பொறி வந்தது. அதன் பிறப்பு சுவையானது. தானே இசைக்கும் பியானோவில், துளையிட்ட காகிதச் சுருளின் ஊடாகக் காற்றை உறிஞ்சி எந்தக் கட்டையை அழுத்துவது என்று தீர்மானிப்பார்கள் அல்லவா? அதே நுட்பத்தைத் தட்டச்சுப் பொறியின் எழுத்துக்களுக்குப் பொருத்தினார்கள். வானொலியும் இசைத்தட்டும் அந்தப் பியானோக்களைச் சந்தையிலிருந்து துரத்திய காலத்தில், பாட்டுப் பாடிய எந்திரம் கடிதம் எழுதப் புறப்பட்டது எனலாம்.

பணிப்பெண் பெயரையும் விலாசத்தையும் மட்டும் தன் கையால் தட்டச்சுச் செய்வாள். கடிதத்தின் உடலைப் பொறி எழுதும். இடையில் ஒரு தொகையோ திகதியோ மாறவேண்டிய இடம் வந்தால் பொறி நின்று காத்திருக்கும். அவள் அதை நிரப்பியதும் மீண்டும் ஓடும். ஒரே ஆள் பல பொறிகளைக் கவனிக்க முடிந்தது. இந்தப் பொறிகளின் பெறுமதி வேகத்தில் மட்டும் இருக்கவில்லை. அச்சகம் இவற்றைவிடப் பன்மடங்கு வேகமானது. பெறுபவர், தனக்காக ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று நம்பவேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் பொறி விற்றது. 1964இல் ஐபிஎம் நிறுவனம் காந்த நாடாவில் எழுத்தைச் சேமிக்கும் தட்டச்சுப் பொறியை வெளியிட்டபோதும், ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பலமுறை எழுதுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாகவே இருந்தது.

கடிதம் ஒருவழிப் பாதை. பதில் சொல்லும் எந்திரம் வேறு கதை. 1950இல் அலன் டியூரிங், எந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை ஆராய்ந்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கற்பனை உரையாடலைத் தருகிறார். எந்திரத்திடம் 34957ஐயும் 70764ஐயும் கூட்டும்படி கேட்கப்படுகிறது. அது ஏறக்குறைய 30 விநாடி தாமதித்துவிட்டு 105621 என்று பதில் சொல்கிறது. சரியான விடை 105721. வாசகர்கள் பலர் இந்தத் தவறைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். மனிதன்போல் தோன்றவேண்டுமாயின் எந்திரம் தாமதிக்கவும் தவறு செய்யவும் வேண்டும் என்ற யோசனை அங்கேயே இருக்கிறது. இன்றைய விற்பனைச் செயலிகள் செய்தியை அனுப்புமுன் சில விநாடிகள் காத்திருப்பதும், சிலவேளை வேண்டுமென்றே எழுத்துப் பிழை விடுவதும் இந்த யோசனையின் வழிவந்தவை. டியூரிங் எதையும் விற்பதற்காக அதை எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

1966இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். உளநல மருத்துவரைப் போல, பேசுபவரின் சொற்களையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல் அது. அவரது செயலாளரே அதனுடன் பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில், அறையைவிட்டு வெளியே போகும்படி வைசன்பாமைக் கேட்டுக்கொண்டார் என்பது பலரும் அறிந்த கதை. அதிகம் அறியப்படாத இன்னொரு கதைதான் நம் விடயத்துக்கு நெருக்கமானது. போல்ட் பெரனெக் அன்ட் நியூமன் என்ற நிறுவனத்தில் பணிபுரிந்த டானியல் பொப்ரோ அதை 1968இல் எழுதினார். அந்நிறுவன நிர்வாகி ஒருவர், வாடிக்கையாளருக்குக் கணினியைக் காட்டவேண்டியிருந்ததால் தொலைத்தட்டச்சில் அமர்ந்தார். மறுமுனையில் இருந்தது எலைசா வகை நிரல். நிர்வாகியோ, வீட்டிலிருந்து பொப்ரோதான் பதில் தருகிறார் என்று எண்ணினார். கேட்ட எதற்கும் நேரான பதில் வரவில்லை. கேள்விக்குக் கேள்வியே வந்தது. பொறுமையிழந்து, தன்னைத் தொலைபேசியில் அழைக்கும்படி தட்டச்சுச் செய்தார். வாக்கிய இறுதியில் முற்றுப்புள்ளி இடாததால் நிரல் மௌனமாகிவிட்டது. அவரே பொப்ரோவை அழைத்து, ஏன் இப்படி எடுத்தெறிந்து பேசுகிறீர் என்று சண்டைக்கு நின்றார். பொப்ரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிக்கவேண்டிய கதைதான். ஆனால் அந்த நிர்வாகியின் கோபம் உண்மையான கோபம். இல்லாத ஒரு மனிதரின் மரியாதைக் குறைவால் அவர் புண்பட்டார். வைசன்பாம் இத்தகைய மயக்கங்களைக் கண்டு கலங்கியே 1976இல் கணினியின் எல்லைகள் பற்றித் தனி நூல் எழுதினார்.

வணிகர்கள் கலங்கவில்லை. 1978 மே 3ஆம் திகதி டிஜிட்டல் இக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தேர்க், அக்காலத்து அர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறக்குறைய 400 பேருக்குப் புதிய கணினிகளின் அறிமுகக் கூட்டத்துக்கு வருமாறு ஒரே செய்தியை அனுப்பினார். முகவரிகள் அதற்குரிய இடத்தில் அடங்காமல் செய்தியின் உடலுக்குள் வழிந்தன. கண்டனங்கள் குவிந்தன. அதனால் பல மில்லியன் டொலர் விற்பனை கிடைத்தது என்று தேர்க் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார்.

இனி, வேகம் என்ற சங்கதிக்கு வருவோம். 2011 மார்ச்சில் 'ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ' சஞ்சிகையில் ஜேம்ஸ் ஓல்ட்ராய்டும் இருவரும் சேர்ந்து ஒரு சிறு கட்டுரை எழுதினர். 2,241 அமெரிக்க நிறுவனங்களுக்கு இணையத்தளம் வழியே விசாரணை அனுப்பிப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் பதிலளித்தவை 37 சதவீதம். 23 சதவீதமானவை பதிலே தரவில்லை. 30 நாட்களுக்குள் பதிலளித்தவற்றின் சராசரித் தாமதம் 42 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டவர்கள், அதற்கு அடுத்த மணி நேரத்தில் தொடர்பு கொண்டவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு வாய்ப்புப் பெற்றார்கள் என்றும், 24 மணி நேரத்துக்குமேல் தாமதித்தவர்களைவிட 60 மடங்குக்கு மேல் என்றும் அக்கட்டுரை கூறியது.

இந்த எண்கள் விற்பனை உலகின் வேதவாக்காகிவிட்டன. எதைப் பிரசுரிக்குமுன்னும் 'சொன்னது யார்' என்று கேட்பது பத்திரிகையாளர் தொழிலின் முதற்பாடம். கட்டுரையாளர்களுள் ஒருவரான டேவிட் எல்கிங்டன், இத்தகைய விரைவுத் தொடர்புக்கான மென்பொருளை விற்ற நிறுவனத்தின் தலைவர். அதனால் எண்கள் பொய் என்று ஆகிவிடாது. எனினும், உடனே பதிலளிக்கும் நிறுவனம் ஏனையவற்றிலும் ஒழுங்காக இயங்கும் நிறுவனமாக இருக்கக்கூடும். வேகத்தின் பங்கு எவ்வளவு, ஒழுங்கின் பங்கு எவ்வளவு என்பதை இந்த எண்கள் பிரித்துக் காட்டுவதில்லை. விசாரித்தவர் இன்னும் அதே கதிரையில், அதே நினைவுடன் இருக்கும்போது பேசுவது நல்லது என்ற அளவில் எந்தக் கடை முதலாளியும் இதை ஒப்புக்கொள்வார்.

வேகத்தைப் பகிரங்கமான மதிப்பெண்ணாக்கியது முகநூல். 2015இல், வரும் செய்திகளில் 90 சதவீதத்துக்குப் பதிலளித்து, இடைநிலைப் பதில் நேரத்தை 5 நிமிடத்துக்குள் வைத்திருக்கும் வணிகப் பக்கங்களுக்கு அது ஒரு பட்டயம் வழங்கத் தொடங்கியது. நான்கு பேர் வேலை செய்யும் கடை ஒன்று நள்ளிரவில் 5 நிமிடத்துக்குள் எவ்வாறு பதிலளிக்கும்? அடுத்த ஆண்டே விடை வந்தது. 2016 ஏப்ரலில் மெசஞ்சர் செயலிக்குள் தானியங்கி நிரல்களை இயக்க முகநூல் அனுமதித்தது. அந்த நிரல்கள், எவரோ எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகளையும் திரையில் தோன்றச் செய்யலாம். மறுமுனையில் விரல்கள் இல்லை. புள்ளிகள் மட்டும் துடிக்கின்றன. ஓட்டோ டைப்பிஸ்ட் பொறியில் பெயரைக் கையால் தட்டிய பெண்ணின் இடத்தில் இன்று இந்த மூன்று புள்ளிகள் இருக்கின்றன என்பேன்.

வட்ஸ்அப்பின் கதையில் வேறொரு முரண் உண்டு. 2009இல் அதை நிறுவிய ஜான் கூமும் பிரையன் அக்டனும் விளம்பரத்தை வெறுத்தவர்கள். விளம்பரம் ஏன் கூடாது என்று 2012இல் விளக்கமே எழுதினார்கள். 2014இல் முகநூல் 19 பில்லியன் டொலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. அக்டன் 2017இலும் கூம் 2018இலும் வெளியேறினர். அந்த 2018இலேயே ஜனவரியில் சிறு வணிகர்களுக்கான செயலியும், ஓகஸ்டில் பெரு நிறுவனங்கள் தம் கணினிகளை நேரடியாக இணைக்கும் வழியும் வந்தன. ஒரு கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது. வாடிக்கையாளர் எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரையே நிறுவனம் விரும்பியதை எழுதலாம். அதன்பின், முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட வாசகத்தை மட்டும், கட்டணம் செலுத்தி அனுப்பலாம். ஆக, வாடிக்கையாளரை 24 மணி நேரத்துக்குள் மீண்டும் ஒருமுறை எழுதவைப்பதே நிரலாளரின் குறிக்கோளாயிற்று. ஒவ்வொரு செய்தியும் ஏன் ஒரு சிறு கேள்வியோடு முடிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் மெதுவாகவே வந்தது. 2018 மே மாதம் கூகிள் நிறுவனம், சிகை அலங்கார நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி நேரம் குறிக்கும் குரலை மேடையில் இயக்கிக் காட்டியது. அது இடையிடையே 'ம்ம்' என்றது. அரங்கம் கைதட்டியது, வெளியே கண்டனம் எழுந்தது. குரல் தன்னை எந்திரம் என்று அறிவிக்கும் என நிறுவனம் பின்னர் சொல்லவேண்டியதாயிற்று. அவ்வாண்டே கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டத்தை இயற்றி, 2019 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. பொருளை விற்பதற்கோ தேர்தலில் வாக்கைத் திருப்புவதற்கோ, எந்திரத்தை மனிதர் என்று நம்பவைத்து இணையத்தில் ஏமாற்றுவதை அது தடைசெய்கிறது. 2024 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமுலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் 50ஆவது உறுப்புரையில் இதை ஒத்த கடப்பாட்டை வகுத்திருக்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதன் பின், தயாரித்து வைத்த வாக்கியங்களின் தேவையும் குறைந்துவிட்டது. வாக்கியத்தை எந்திரமே ஆக்குகிறது. அவ்வாறாயின், அது கொடுக்கும் வாக்குக்கு யார் பொறுப்பு? அதே நவம்பரில், பாட்டியை இழந்த ஒருவர் எயர் கனடாவின் இணையத்தளத்திலிருந்த சாட்பொட்டிடம் துக்க காலக் கட்டணச் சலுகை பற்றி விசாரித்தார். பயணச்சீட்டை வாங்கிவிட்டு 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. அவ்வாறு பின்னர் விண்ணப்பிக்க நிறுவன விதிகளில் இடமில்லை. பணம் மறுக்கப்பட்டது. விடயம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்வு மன்றத்துக்குச் சென்றபோது, சாட்பொட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனிச் சட்ட உரு என்ற பொருள்படவும் நிறுவனம் வாதிட்டது. மனிதரைப்போல் பேசவைத்தபோது அது நிறுவனத்தின் ஊழியர். தவறாகப் பேசியபோது அந்நியர். 2024 பெப்ரவரியில் மன்றம் அந்த வாதத்தை நிராகரித்து, வட்டியும் கட்டணங்களும் உட்பட 812 கனேடிய டொலர் செலுத்துமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.