தாங்குவது எது?

சென்ற வாரம் எங்கள் தெருக் குடிநீர்க் குழாயில் புதிதாக ஒரு வால்வு மாட்டினார்கள். வேலை முடிந்ததும் ஓர் இளைஞர் அதன் அடியில் நான்கு செங்கல்லை அடுக்கிச் சிமெண்ட் பூசினார். பக்கத்து வீட்டு நண்பர், "இது எதற்கு, வீண் செலவு?" என்றார். எனக்கு அது வீண் செலவாகத் தோன்றவில்லை. காரணம் சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பழைய குழாயில் பெரிய இரும்பு வால்வு ஒன்று பொருத்தக் கோப்பு வந்தது. மூன்று விலைப்புள்ளி உண்டா, நிதி ஒதுக்கீடு உண்டா என்று சரிபார்த்துக் குறிப்பெழுதி மேலே அனுப்பியவன் நான்தான். வால்வு வந்தது, மாட்டினார்கள், தண்ணீரும் ஒழுங்காக வந்தது. சில வாரம் கழித்து ஓர் இரவு துருப்பிடித்த இணைப்பு முறிந்து வால்வு கீழே விழுந்தது. அடியில் படுத்திருந்த காவலாளிக்குக் கால் எலும்பு முறிந்தது. விசாரணையில் என் கோப்பைப் புரட்டினார்கள். எல்லாக் கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. 'இந்த எடையைப் பழைய குழாய் தாங்குமா?' என்ற கேள்விதான் அதில் இல்லை.

அப்போது எனக்கு ஃபிளிக்ஸ்பரோ நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பிரெஞ்சு இதழ்களைப் புரட்டும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் படித்ததுதான் அந்த விபத்து.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள சிற்றூர் அது. அங்கே நைலானுக்கான மூலப்பொருள் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆறு பெரிய கலன்கள், ஒன்றைவிட அடுத்தது 14 அங்குலம் தாழ்வாக, படிக்கட்டு போல வரிசையாக நின்றன. அவற்றுள் சுமார் 155 டிகிரி சூட்டில், அழுத்தத்தோடு, சைக்ளோஹெக்ஸேன் என்ற எளிதில் தீப்பற்றும் திரவம் ஓடியது. 1974 மார்ச் 27 அன்று ஐந்தாவது கலனில் விரிசல் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் ஒரு குழாயால் இணைக்க முடிவு செய்தார்கள்.

கலன்களின் வாய் 28 அங்குலம். கையில் கிடைத்த குழாயோ 20 அங்குலம். உயர வேறுபாட்டுக்காக அதை இரண்டு இடத்தில் வளைத்தார்கள். இரு முனையிலும் துருத்தி போல நெளியும் இணைப்புகள். வரைபடம் என்று இருந்தது பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட கோடு மட்டும். தாங்கலுக்குச் சாரக் கம்பிகள். திரவம் போதிய அளவு ஓடுமா, குழாய் அழுத்தத்தைத் தாங்குமா என்று கணக்குப் போட்டார்கள். வளைந்த குழாயை அந்த அழுத்தம் எப்படி முறுக்கும், அப்போது துருத்திகளும் சாரமும் தாங்குமா என்று யாரும் கணக்கிடவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டிய தலைமைப் பொறியாளர் சில மாதம் முன்பே விலகியிருந்தார், பணியிடம் காலி. காலிப் பணியிடம் என்றால் என்னவென்று நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மாதம் ஆலை ஓடியது. ஜூன் 1, சனிக்கிழமை மாலை 4.53க்கு, பிய்ந்த குழாயிலிருந்து கிளம்பிய ஆவி மேகம் வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வேலை நாளாக இருந்திருந்தால் இன்னும் பலர் மாண்டிருப்பார்கள். ஆலையில் எதை மாற்றினாலும், தற்காலிகம் என்றாலும், தகுதியுள்ள ஒருவர் பார்த்து எழுத்தில் ஒப்ப வேண்டும் என்ற வழக்கம் உலகெங்கும் வலுப்பெற்றதற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

அங்கே குழாயைப் பிய்த்தது அழுத்தத்தின் உதைப்பு. எங்கள் அலுவலகத்தில் வெறும் எடை. ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான். வால்வின் எடையோடு குழாயில் நிற்கும் தண்ணீரின் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 6 அங்குலக் குழாயில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 18 கிலோ. தாங்கலிலிருந்து வால்வு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, குழாயை வளைக்கும் விசையும் அவ்வளவு கூடும். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள குழாயில் தூரம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். துரு தின்ற குழாய்க்குப் புதிதாக இருந்தபோது கொண்ட பலம் இருக்காது. அதனால்தான் வால்வுக்கு அருகிலேயே தாங்கல் வைக்கிறார்கள்.

பிடிமானம் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பிரெஞ்சில் 'போர்த் ஆ ஃபோ' என்பார்கள். தாங்குவது போலத் தோன்றும், தாங்காது. என் கோப்பும் அப்படித்தான் நின்றது.

அந்தக் காவலாளி கால் தாங்கித் தாங்கி நடந்தே ஓய்வு பெற்றார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதன் பிறகு என் மேசைக்கு வந்த இத்தகைய கோப்பு ஒவ்வொன்றிலும் குறிப்பின் கடைசியில், 'இதைத் தாங்குவது எது என்று தெரிவிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்தேன். எழுத்தருக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று முறைத்தவர்கள் உண்டு. பதில் எழுதி அனுப்பியவர்களும் உண்டு.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஈரம் காயாத சிமெண்டில் ஏறப் போன தெருநாயை விரட்டிவிட்டு வந்தார்.