வேடியப்பன் யாரு?

எங்க கொல்லை ஓரத்துல, புளியமரத்தடியில ஒரு பலகைக்கல் நிக்குது. அதுல ஒரு ஆள் உருவம். இடது கையில வில்லு, வலது கையில குறுவாள். எழுத்து இருந்திருக்கலாம், இப்போ எதுவும் தெரியல. நாங்க அதை வேடியப்பன்னு கும்பிடறோம். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு முதல் படையல் அவருக்குத்தான். "யாரு தாத்தா இது?"ன்னு சின்ன வயசுல கேட்டேன். "மாட்டைக் காப்பாத்துற சாமிடா"ன்னார்.

அது எவ்வளவு சரியான பதில்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பக்கம் வேடியப்பன்னு கும்பிடற கல் பலதும் நடுகல்தான். சண்டையில செத்த வீரனுக்கு ஊர் நட்ட நினைவுக்கல்.

அந்தக் காலத்துல ஆநிரைதான் சொத்து. போர் தொடங்குறதே மாடு பிடிக்கிறதுலதான். கல்வெட்டுல மாட்டு மந்தைக்கு 'தொறு'ன்னு பேர். எழுத்துள்ள நடுகல்லைப் படிச்சா, முதல்ல ராஜா பேரும் அவர் ஆட்சி ஆண்டும் வரும். அப்புறம் எந்த ஊர்த் தொறு, மீட்கப் போய்ப் பட்டவன் யாரு என்று வரும். ராஜா அங்கே தேதி சொல்லத்தான் இருக்கார். கல் நட்டது மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு. செங்கம் பக்கம் எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒண்ணு இருக்கு. அதுல வீரனோட கோவிவன்னு ஒரு நாயும் இருக்கு. இரண்டு கள்ளர்களைக் கடிச்சுக் காவல் நின்ன நாய். அதுக்கும் பேரோட இடம் கொடுத்திருக்காங்க.

எல்லை தாண்டினாலும் இதே கதைதான். அங்கே வீரகல்லுன்னு சொல்வாங்க. ஓசூர்ல இருந்து போனா, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி இடது பக்கம் பேகூர். அங்கே நாகேஸ்வரர் கோயில்ல கி.பி. 890 வாக்கில் வெட்டின கல் ஒண்ணு இருக்கு. பெங்களூர்ல நடந்த சண்டையில புட்டணசெட்டி என்பவர் செத்தார்னு அது சொல்லுது. பெங்களூர்ங்கிற பேர் வர்ற மிகப் பழைய கல்வெட்டு அதுதான். அவ்வளவு பெரிய நகரத்தோட பேர் முதன்முதலா நமக்குக் கிடைக்கிறது ஒரு சாவுக்குறிப்பில.

எங்க ஊர்க் கல்லை இத்தனை நூற்றாண்டு காப்பாத்தினது சட்டம் இல்லை, கும்பிடுதான். சாமின்னதால யாரும் அதைத் தொடல. இப்போ கும்பிடறவன் நிலத்தை வித்துட்டுப் போறான். 1970கள்ல சிப்காட் வந்ததுக்கு அப்புறம் ஓசூரைச் சுத்தி கம்பெனி, லேஅவுட், நாலு வழிச் சாலைன்னு நிலம் மாறிக்கிட்டே இருக்கு. ஜேசிபி ஓட்டுற பையனுக்கு அது வெறும் கல்லு. அவன்மேல தப்பு சொல்ல முடியாது. அவனுக்கு யாரும் சொல்லல.

அதனாலதான் இதை எழுதறேன். இந்தப் பக்கம் பிளாட் பார்க்க வர்றீங்கன்னா, மூலையில மஞ்சள் பூசின கல் ஏதாவது நின்னா, பெயர்க்கச் சொல்றதுக்கு முன்னாடி பக்கத்து ஊர்ப் பெரியவங்களைக் கேளுங்க. ஒரு போட்டோ எடுத்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துல காட்டுங்க. அங்கே இப்படிப்பட்ட நடுகற்களைப் பாதுகாத்து வச்சிருக்காங்க. ஆனா முடிஞ்சா, கல்லை நட்ட இடத்துலேயே விடுங்க. அந்த மாட்டுக்காரன் நின்ன ஊர் அது.