தீப்பெட்டிக்குள் ஆல்கோ

1935இல் அமெரிக்காவின் லயனல் கம்பெனி விற்ற பொம்மை ரயில் கூவியது. அதில் ஸ்பீக்கர் கிடையாது. எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் டெண்டருக்குள் ஒரு குட்டி மோட்டார், அதன் தண்டில் ஒரு விசிறி. விசிறி தள்ளிய காற்று ஊதலுக்குள் புகுந்து நிஜமாகவே ஊதியது. தண்டவாளத்தில் ஓடியது மாறுதிசை மின்சாரம். பொத்தானை அமுக்கினால் அதன் மேல் கொஞ்சம் நேர்திசை மின்சாரம் ஏறும். டெண்டரில் இருந்த ரிலே அதை இனம் கண்டு விசில் மோட்டாரை முடுக்கிவிடும். ஓட்டத்துக்கும் ஓசைக்கும் ஒரே தண்டவாளம் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், கில்பர்ட் கம்பெனியின் அமெரிக்கன் ஃப்ளையர் ரயில்கள் புகையும் விட்டன, 'சுக்குபுக்கு' என்றும் சத்தமிட்டன. அதுவும் காற்றைத் தள்ளி உண்டாக்கிய ஓசைதான். சுருங்கச் சொன்னால், மாதிரி ரயில்களின் முதல் குரல் மின்னணுவியலின் பிள்ளை அல்ல, புல்லாங்குழலின் பங்காளி.

இத்தனைக்கும் ஸ்பீக்கர் அப்போதே இருந்தது. காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசைய, அதோடு கூம்புத்தாள் அதிரும் இன்றைய அமைப்பை ஜெனரல் எலக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இலேயே விளக்கி எழுதிவிட்டார்கள். ஆனால் அது ரேடியோப் பெட்டிக்கு ஏற்ற உருப்படி. நிஜ ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிய எச்.ஓ. அளவு எஞ்சினுக்குள் அதற்கு இடம் ஏது?

1970களில் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு தந்திரம் செய்தது. ஓசையை உண்டாக்கும் பெட்டியை மேசையருகே வைத்துவிட்டு, அந்த ஓசையைத் தண்டவாளம் வழியாக டெண்டரில் இருந்த சிறு ஸ்பீக்கருக்கு அனுப்பியது. மோட்டாருக்கான மின்சாரம் ஸ்பீக்கருக்குள் போய்விடாமல் ஒரு கெபாசிட்டர் காவல் நின்றது. நம் சினிமாவின் பின்னணிப் பாட்டு போலத்தான்: பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் இன்னொருவர். வாயசைப்பு தப்பக் கூடாதே! இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுழன்றால் நான்கு 'குப்' கேட்க வேண்டும். மூன்று சிலிண்டர் என்றால் ஆறு. சக்கர அச்சில் பொருத்திய ஒரு தொடுமுனைதான் 'இப்போது, இப்போது' என்று பெட்டிக்குத் தாளம் சொன்னது. பித்தளை எஞ்சின்களைச் சேர்ப்பவர்கள் இந்தத் தாளத்தில் ஒரு குப் தவறினாலும் முகம் சுளிப்பார்கள். அது நியாயமான முகச்சுளிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

பாடகரே மேடைக்கு வந்தது டிஜிட்டல் காலத்தில். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய கட்டுப்பாட்டு முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1994இல் பொதுத் தரத்தை வகுத்தது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு முகவரி, உள்ளே கட்டளையைப் படிக்க ஒரு டிகோடர். கொலராடோவின் சவுண்ட்டிராக்ஸ், ஜெர்மனியின் ஈ.எஸ்.யூ. போன்ற நிறுவனங்கள் அந்த டிகோடருக்குள்ளேயே ஓசையையும் வைத்தன. நிஜ எஞ்சின் அருகே மைக் வைத்துப் பதிவு செய்த உறுமல், பிரேக் கிறீச்சிடல், மணி எல்லாம் விரல்நகம் அளவு சில்லுக்குள் அடங்கின. ஆண்டுக்கு ஆண்டு பதிவின் தரமும் கூடியது. ஆனாலும் வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள்: என்ன போட்டாலும் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரியே கேட்கிறதே!

குற்றம் சில்லில் இல்லை. ஓசை வெளியே வரும் வாசலில் இருந்தது.

நம் ஊர் உதாரணமே இதற்குப் பொருந்தும். பொன்மலையிலும் ஈரோட்டிலும் ஒரு தலைமுறையே கேட்டு வளர்ந்த டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1962இல் கப்பலில் வந்தது, 1964 முதல் வாரணாசியில் தயாரானது. அதன் 16 சிலிண்டர் '251' வகை இயந்திரத்தின் நெருங்கிய உறவுதான் அமெரிக்காவில் ஓடிய செஞ்சுரி 628 எஞ்சினுக்குள்ளும் இருந்தது. ஆகவே அமெரிக்க மாதிரி ஒன்றில் ஆல்கோ ஒலிப்பதிவை ஓட்டினால் நம்மவருக்கும் ஸ்டேஷன் வாடை அடிக்கும். அந்த இயந்திரம் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம் என்பதால் இரண்டு சுற்றில் 16 வெடிப்பு; கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 53. அதாவது 53 ஹெர்ட்ஸ், நெஞ்சுக்கூட்டில் உணரும் ஓசை. அந்த அலையின் நீளம் ஆறு மீட்டருக்கும் மேல். அதை உண்டாக்க வேண்டியதோ ஒன்றரை சென்டிமீட்டர் ஸ்பீக்கர். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. நல்லவேளையாக நம் காது கெட்டிக்காரத்தனமானது: அடி ஸ்வரம் வராவிட்டாலும் அதன் மேல் மடங்குகள் ஒழுங்காக வந்தால், மிச்சத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். அந்த மடங்குகளையாவது ஒழுங்காகக் கொடுக்க ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி வேண்டும்.

பெட்டிதான் சூட்சுமம். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் உறிஞ்சுகிறது. இடையில் தடுப்பு இல்லையென்றால் முன்காற்று வளைந்து பின்னால் ஓடி, ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதை. பல ஆலைகள் 28 மில்லிமீட்டர் வட்ட ஸ்பீக்கரை டெண்டர் தரையில் திருகி, மூடியும் மூடாமலும் அனுப்பின. எனவேதான் ஸ்பீக்கரை மாற்றுவது தனிக் கைவேலையாகவே வளர்ந்தது: மேற்கூட்டைக் கழற்றி, எடைக்கட்டியை அராவி இடம் பண்ணி, பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி ஒட்டி, விளிம்பில் சந்து இல்லாமல் பசை பூசுவது.

உபகாரம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஸ்மார்ட்போன் தயாரிப்பாளர்கள் மெல்லிய கூட்டுக்குள் உரக்கப் பேசும் சதுர ஸ்பீக்கர்களுக்காகக் கோடி கோடியாய்க் கொட்டினார்கள். ரயில்காரர்கள் செலவில்லாமல் அறுவடை செய்தார்கள். 11க்கு 15 மில்லிமீட்டரில், சீலிட்ட குட்டிப் பெட்டியோடு வந்த அந்த வகைக்கு 'சுகர் கியூப்' என்று பெயர் விழுந்தது. தீப்பெட்டிக்குள் ஒன்றுக்கு இரண்டாக அடங்கும். பழைய வட்ட ஸ்பீக்கர் இதனிடம் தோற்றது, தோற்க வேண்டியதுதான்.

ஒரு வில்லங்கமும் உண்டு. ஈ.எஸ்.யூ.வின் பழைய லோக்சவுண்ட் 3.5 டிகோடர் 100 ஓம் ஸ்பீக்கரைக் கேட்கும். அதில் 8 ஓம் சுகர் கியூபைப் பற்றவைத்தால் ஆம்ப்ளிஃபயர் கருகிவிடும். அடுத்த தலைமுறையான 4.0 வந்த பிறகுதான் 4 ஓம் வரை தாங்கியது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் கொடுத்தால் 4 ஓம், தொடர் இணைப்பில் 16. பற்றவைப்புக் கோலைச் சூடாக்கும் முன் டிகோடரோடு வந்த காகிதத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நல்ல ஸ்பீக்கர் மாட்டியதும் முதல் பத்து நிமிடம் வீடே அதிரும். பிறகு 87இல் ஒரு பங்கு எஞ்சினுக்கு இத்தனை தொண்டை அதிகம் என்று புரியும். லோக்சவுண்டில் மொத்த ஒலியளவைக் குறைக்கும் அமைப்பு எண் 63.